‘சிஸ்டர், பாட்டில் முடிஞ்சிருச்சு!’ - ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள்? ஒரு கணக்கு!

இரவு 2 மணி. அம்மாவுக்கு ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துவிட்டது. “சிஸ்டர்...” என்று குரல் கொடுக்கிறோம். அவர் வார்டின் கடைசிக் கட்டிலில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். ஐந்து நிமிடம் கழித்துத்தான் வர முடிகிறது. அதற்குள், “கூப்பிட்டா வரவே மாட்டேங்கிறாங்க” என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் புலம்பிவிடுகிறோம். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கிய எந்தக் குடும்பத்துக்கும் இது தெரிந்த காட்சிதான்.

அந்த ஐந்து நிமிடத் தாமதத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

போர்டு மாறினால் கணக்கும் மாறும்

நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் எனச் சுற்றுவட்டார மக்கள் பஸ் பிடித்து வந்து சேரும் இடம் திண்டுக்கல் ஜி.ஹெச். மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்த இது, இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று.

பொது மருத்துவமனை வார்டு என்றால், 5 நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிமுறை. அதுவே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால், 3 பேருக்கு ஒருவர். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ். வார விடுப்பு, பிரசவ விடுப்பு போன்றவற்றை ஈடுகட்ட, கூடுதலாக 30 சதவிகிதம் பேர் வேண்டும்.

30 படுக்கை உள்ள ஒரு வார்டை எடுத்துக்கொள்வோம். இந்த விகிதம் ஒவ்வொரு ஷிப்ட்டிலும் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பொது மருத்துவமனைக் கணக்குப்படி ஷிப்ட்டுக்கு 6 பேர், மூன்று ஷிப்ட்டுக்கு 18 பேர். விடுப்புக் கணக்கையும் சேர்த்தால் 24 பேர். கல்லூரி மருத்துவமனைக் கணக்கில் ஷிப்ட்டுக்கு 10 பேர், மொத்தம் 39 பேர். இத்தனையும் ஒரே ஒரு வார்டுக்கு! கட்டில் கிடைக்காமல் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களையும் சேர்த்தால், இந்த எண்ணிக்கை இன்னும் கூடும். அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், வார்டில் எத்தனை நர்ஸ்கள் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு நோயாளி கூடினால் என்ன ஆகும்?

மருந்து கொடுக்கும் ஒவ்வொரு முறையும் நர்ஸ் ஐந்து விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி. நரம்பில் போட வேண்டியதா, தசையில் போட வேண்டியதா என்பதுதான் இந்த ‘வழி’. இதற்கிடையே பி.பி., காய்ச்சல், நாடித்துடிப்பு பார்த்து கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். ஆபரேஷன் முடிந்து வந்தவரின் மூச்சு லேசாக மாறுவதை முதலில் கவனிப்பதும் பெரும்பாலும் நர்ஸ்தான். டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து போய்விடுவார். 24 மணி நேரமும் நோயாளியின் பக்கத்தில் இருப்பது நர்ஸ்கள் மட்டுமே.

அமெரிக்காவில் லிண்டா எய்க்கன் தலைமையிலான குழு, பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-ல் முடிவுகளை வெளியிட்டது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவிகிதம் அதிகரித்தது. 4 நோயாளிகள் என்பது 8 ஆனால், 31 சதவிகிதம்! நர்ஸ்களின் மனச்சோர்வும் கூடவே ஏறியது. அவர்களின் களைப்பும் நம் வீட்டு நோயாளியின் உயிரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை.

ஆள் இல்லையா, வேலை இல்லையா?

‘படித்த நர்ஸ்கள் கிடைப்பதில்லை’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். தமிழக மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-ல் 7,000-க்கும் மேற்பட்ட நர்ஸ்களைத் தேர்வெழுத வைத்து எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் பணி நிரந்தரம் கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடினார்கள். அதன்பிறகே சம்பளம் 14,000 ஆனது. பின்னர் 18,000 ஆனது.

கொரோனா காலத்தில் கவச உடைக்குள் வியர்த்து வேலை பார்த்த ஒப்பந்த நர்ஸ்கள் 2,300-க்கும் மேற்பட்டோருக்கு, 2022 டிசம்பர் 31-உடன் வேலை முடிந்தது. புத்தாண்டில் அவர்கள் வேலை கேட்டுச் சாலையில் நின்றார்கள். ஆள் இருந்தும் பணியிடம் இல்லை என்பதுதான் நிலைமை.

தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் சம்பளப் பிரச்னை உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016 ஜனவரியில் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம். நர்ஸ்களின் தொடர் போராட்டத்துக்குப் பிறகு, பக்கத்து மாநிலமான கேரளா 2018-ல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது.

திண்டுக்கல் பகுதிக்கு மருத்துவ சேவையில் பழைய பெருமை உண்டு. 1947-ல் சின்னாளப்பட்டியில் டாக்டர் சௌந்தரம் இரண்டே படுக்கைகளுடன் தொடங்கியதுதான், இன்றைய காந்திகிராமம் கஸ்தூரிபா மருத்துவமனை. அதே மண்ணில் இப்போது மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. கட்டடத்தோடு சேர்த்து நர்ஸ் பணியிடங்களையும் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

* பாட்டில் தீரும் தறுவாயிலேயே சொல்லிவிடுங்கள். ரெகுலேட்டரை நீங்களே திருகாதீர்கள்.

* மருந்து அலர்ஜி, சுகர், பி.பி. மாத்திரை விவரங்களை ஒரு தாளில் எழுதி, அட்மிட் ஆகும்போதே கொடுத்துவிடுங்கள்.

* மருந்து எடுத்து வைக்கும் நேரத்தில் நர்ஸிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். கவனம் சிதறினால் அளவு தவறலாம்.

* மூச்சுத் திணறல், திடீர்க் குழப்பம், ரத்தக் கசிவு என்றால் தயங்காமல் உடனே கூப்பிடுங்கள்.

* கோபத்தில் கை ஓங்காதீர்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டமே இருக்கிறது.

* குறை இருந்தால் புகார் எழுதுங்கள். அதில், ‘இந்த ஷிப்ட்டில் இத்தனை நோயாளிகளுக்கு இத்தனை நர்ஸ்கள்தான் இருந்தார்கள்’ என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது அந்த வரியில்தான் இருக்கிறது.