பெயின்ட் அடித்தால் போகாது

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற குழந்தை இறந்தது. இரண்டு வயது நிறைந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. சூடானிலிருந்து வந்த அதன் பெற்றோர் ஒற்றைப் படுக்கையறை கொண்ட வாடகைக் குடியிருப்பில் வசித்தார்கள். சுவரெல்லாம் பூஞ்சணம். 2017-லேயே தந்தை புகார் செய்தார். பூஞ்சணத்தின் மேலேயே பெயின்ட் அடிக்கச் சொன்னது குடியிருப்பு நிர்வாகம். அந்தக் குடும்பம் குளிக்கிற முறையும் வாழ்கிற முறையும்தான் காரணம் என்று நிர்வாகம் தானாகவே முடிவுகட்டிக்கொண்டது. வீட்டுப் பூஞ்சணத்தை நெடுநாள் சுவாசித்ததால் வந்த கடும் சுவாசக் கோளாறே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி ஜோவான் கியர்ஸ்லி தீர்ப்பளித்தார்.

பெயின்ட் ஏன் உதவாது? பூஞ்சண வித்துகள் சில மைக்ரான் அளவுதான். அவை இல்லாத வீட்டுக் காற்றே கிடையாது. உலர்ந்த சுவரில் விழும் வித்து சும்மா கிடக்கும். ஈரம் கிடைத்தால் முளைவிட்டு, நூல்நூலாகப் படர்ந்து, நொதிகளைச் சுரந்து, சுவர்க் காகிதம், அதை ஒட்டிய பசை, படிந்த தூசு எல்லாவற்றையும் கரைத்து உண்ணும். புதுப் பெயின்டும் அதற்கு இன்னொரு படுகை, அவ்வளவுதான்.

ஆக, கேள்வி ஈரத்தைப் பற்றியது. நான்கு பேர் மூச்சுவிட்டு, சமைத்து, குளித்து, துணி உலர்த்தினால் ஒரு நாளில் சுமார் 10 லிட்டர் நீர் காற்றில் கலக்கும். அது வெளியேற வழியில்லாவிட்டால் வீட்டின் மிகக் குளிர்ந்த இடத்தில், வெளிச்சுவரின் மூலையிலோ சுவரை ஒட்டிப் போட்ட பீரோவின் பின்னாலோ, முத்து முத்தாகக் கோக்கும். நம்மூரில் கதை வேறு: மொட்டைமாடி விரிசல், கசியும் குழாய், அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதம். எங்கானாலும் நனைந்த பொருள் இரண்டு நாளுக்குள் உலராவிட்டால் பூஞ்சணம் தொடங்கிவிடும்.

ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமல், இளைப்பு, ஆஸ்துமா கூடுதலாக இருப்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. செத்த பூஞ்சணத்தின் துகள்களும் ஒவ்வாமையைக் கிளப்பும். அதனால் மருந்தடித்துக் கொன்றால் மட்டும் போதாது, துடைத்தகற்ற வேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு ஆஸ்பர்ஜில்லஸ் போன்றவை நுரையீரலுக்குள்ளேயே தொற்றாக வளரக்கூடும்.

கருப்புப் பூஞ்சணம்தான் கொல்லும் என்ற பீதி தேவையில்லை. 1990-களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தக்கசிவு ஏற்பட்டபோது ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கரும்பூஞ்சை மீது பழி விழுந்தது. அந்தத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று 2000-இல் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையமே அறிவித்தது. என் கருத்தில், இனத்தைக் கண்டறிய ஆய்வகத்துக்குக் கொடுக்கும் பணத்தைப் பிளம்பருக்குக் கொடுப்பது மேல். நிறம் எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றே: நீர் வரும் வழியை அடைப்பது, நனைந்ததை உலர்த்துவது, சமையலறையிலும் குளியலறையிலும் காற்றை வெளியே தள்ளுவது. இவற்றில் பெரும்பகுதி கட்டடத்தின் வேலை. அங்கே குடியிருப்பவரின் ஒழுக்கத்தோடு அதை முடிச்சுப்போடுவது அநியாயம்.

அந்த அநியாயத்துக்கு இங்கிலாந்து இப்போது கெடு விதித்திருக்கிறது. 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் உள்ள ‘அவாப் சட்டம்’ குறைந்த வாடகைச் சமூகக் குடியிருப்புகளுக்குப் பொருந்தும். அவசர ஆபத்தை 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். தீவிர ஓதம், பூஞ்சணப் புகார் என்றால் 10 வேலைநாளுக்குள் ஆய்வு, ஆபத்து உறுதியானால் அடுத்த 5 வேலைநாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்குவது நிர்வாகத்தின் கடமை.