லைன் ஓரத்து ரேக்

ஒரகடம் கூட்டு ரோட்டில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பைக்கில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். எங்கிருந்துதான் இத்தனை கம்பெனி பஸ்கள் கிளம்பி வருகின்றனவோ என்றிருக்கும். அதே நேரம் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளின் சர்வர் அறைகளிலும் ஒரு நெரிசல் நடக்கிறது. போகிற ஷிஃப்டின் சூப்பர்வைசர் அன்றைய உற்பத்திக் கணக்கைக் கேட்கிறார். வருகிறவர் நிலுவையைக் கேட்கிறார். தரப் பிரிவுக்குக் குறைபாட்டுப் பட்டியல் வேண்டும், ஸ்டோர்ஸுக்கு இருப்புக் கணக்கு வேண்டும். எல்லாரும் தட்டுவது ஒரே டேட்டாபேஸின் கதவைத்தான். இந்த அமளிக்காக லைன் நிற்காது. ஸ்கேனர்கள் நொடிக்கு நொடி பதிவுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

என்ன பதிவுகள்? 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளிவந்ததிலிருந்து இந்த வட்டாரத்தில் எத்தனையோ லட்சம் வண்டிகள் உருவாகியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 17 எழுத்தில் ஒரு அடையாள எண். ஹூண்டாய் இந்தியாவின் வண்டி என்றால் அது எம்.ஏ.எல். என்று தொடங்கும். நவீன வாகனத் தொழிற்சாலையில் இந்த எண்ணோடு சேர்த்து எந்த எஞ்சின், எந்த ஏர்பேக், முக்கியமான போல்ட் எவ்வளவு டார்க்கில் முறுக்கப்பட்டது என்பதுவரை எழுதி வைப்பார்கள். நாலு வருடம் கழித்து ஒரு பிரேக் பாகத்தில் கோளாறு என்று தெரிந்தால், எந்தெந்த வண்டிகளைத் திரும்ப அழைப்பது என்பதற்கு இந்தப் பதிவுதான் பதில் சொல்லும்.

இத்தனையும் வட்டில் கிடக்கிறது; ஆனால் வட்டு மெதுவானது. எவ்வளவு மெது? ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோநொடி ஆகும். அதை ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டி வட்டிலிருந்து எடுப்பது 17 நிமிடம். சுழலும் பழைய வட்டிலிருந்து என்றால் 28 மணி நேரம். லைனில் நிற்பவர் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார். கைக்கெட்டும் ரேக்கில் இருக்கிற நட்டு ஒரு நொடி. குடோனுக்கு ஆள் அனுப்பினால் கால்மணி நேரம். ஸ்டாக்கே இல்லை, புனேயிலிருந்து லாரி வரவேண்டும் என்றால் மறுநாள்தான். ரேம் என்பது லைன் ஓரத்து ரேக். அந்த ரேக் எவ்வளவு பெரியது, யாருக்கு எந்தத் தட்டு என்று தீர்மானிப்பதுதான் டேட்டாபேஸின் மெமரி அமைப்பு.

போஸ்ட்கிரெஸை எடுத்துக்கொள்வோம். காசு கொடுக்காமல் கிடைப்பது, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1986-இல் தொடங்கிய ஆராய்ச்சியின் வாரிசு. இது தகவலை 8 கிலோபைட் பக்கங்களாகக் கையாளும். எல்லா இணைப்புகளும் பகிர்ந்துகொள்ளும் பொது ரேக்குக்கு ஷேர்டு பஃபர்ஸ் என்று பெயர். நிறுவியவுடன் இதன் அளவு வெறும் 128 எம்பி. 2013-இல் வந்த 9.3 பதிப்புக்கு முன்பு 32 எம்பிதான்! சின்னக் கணினியிலும் ஓடவேண்டும் என்பதற்காக வைத்த அளவு அது. 64 ஜிபி ரேம் உள்ள சர்வரை வாங்கிவிட்டு இதைத் தொடாமல் விடுவது, பெரிய ஷெட் கட்டி அதில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருவது மாதிரி. வழக்கமான தொடக்கம் மொத்த ரேமில் கால்பங்கு. இங்கே 16 ஜிபி. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் இன்னோடிபி பஃபர் பூலுக்கு எண்பது சதவீதம் வரை கொடுப்பார்களே, இதற்கு மட்டும் ஏன் கஞ்சத்தனம்? போஸ்ட்கிரெஸ் இயங்குதளத்தின் கோப்பு நினைவகத்தையும் நம்பி வாழ்கிறது. தன் ரேக்கை மிகவும் பெரிதாக்கினால் ஒரே பக்கம் இரண்டு இடத்திலும் கிடந்து இடத்தை அடைக்கும்.

ரேக் நிரம்பினால் எதை அகற்றுவது? செக்யூரிட்டி ரவுண்ட்ஸ் போவதுபோல ஒரு முள் பக்கங்களைச் சுற்றி வருகிறது. ஒரு பக்கம் பயன்பட்டால் மதிப்பெண் ஒன்று கூடும், 5-க்கு மேல் போகாது. முள் கடக்கும்போதெல்லாம் ஒன்று குறையும். பூஜ்யமானதும் இடத்தைக் காலி செய்யவேண்டியதுதான். ரேக்கின் கால்பங்கைவிடப் பெரிய அட்டவணையை முழுதாக வாசிக்கும் வேலைக்கு ஒரு சின்ன வளையம் தனியாக உண்டு. யாரோ ஒருவர் மூன்று வருட வரலாற்றைப் புரட்டினால், லைனுக்குத் தினமும் வேண்டியது வெளியே தள்ளப்படக்கூடாது அல்லவா?

இதுவரை எளிது. சர்வர்களைக் கவிழ்ப்பது வொர்க் மெம் என்கிற அடுத்த அமைப்புதான். வரிசைப்படுத்துவதற்கும் அட்டவணைகளைச் சேர்த்துப் பார்ப்பதற்கும் தரப்படும் வேலை மேசை அது. இயல்பில் 4 எம்பி. மேசை போதாவிட்டால் போஸ்ட்கிரெஸ் வட்டில் தற்காலிகக் கோப்பு போட்டு வேலையை முடிக்கும், மெதுவாக. அதைப் பார்த்த ஒருவர், நல்லெண்ணத்தில்தான், மேசையை 256 எம்பி ஆக்குகிறார். சோதனையில் ரிப்போர்ட் பறக்கிறது. எல்லாருக்கும் சந்தோஷம்.

அவர் கவனிக்காதது, இந்த அளவு சர்வருக்கு ஒன்று அல்ல. இணைப்புக்கு ஒன்றுகூட அல்ல. ஒரு கேள்விக்குள் நடக்கும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனி. ஷிஃப்ட் மாறும் பிற்பகல் இரண்டு மணிக்கு 200 இணைப்புகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மேசை என்று வையுங்கள்: 200 × 2 × 256 எம்பி, அதாவது 100 ஜிபி. இருப்பதோ 64. காலையில் தனியாகச் சோதித்தவருக்கு இது தெரியவே வாய்ப்பில்லை.

இயங்குதளமான லினக்ஸ் இதைத் தடுக்காதா என்றால், கேட்கிறவர்களுக்கெல்லாம் முதலில் சரி என்று தலையாட்டுவது அதன் சுபாவம். எல்லாரும் ஒரே நாளில் வந்து பணத்தைக் கேட்கமாட்டார்கள் என்று நம்பி நடக்கும் சீட்டுக் கம்பெனி மாதிரி. கேட்டுவிட்டால், ஓஓஎம் கில்லர் என்ற ஏற்பாடு இறங்கி ஏதாவது ஒரு புரொசஸைக் கொன்று நினைவகத்தை மீட்கும். கொல்லப்பட்டது போஸ்ட்கிரெஸின் ஒரே ஒரு இணைப்பாக இருந்தாலும், பொது ரேக் சிதைந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் மற்ற எல்லா இணைப்புகளையும் போஸ்ட்கிரெஸே துண்டித்துவிட்டு மீண்டும் எழும். லைனில் ஸ்கேனர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சிவப்பு காட்டும்.

தப்பிக்கும் வழி ஆளுக்குத் தக்க மேசை போடுவது. பொதுவாக 16 எம்பி. அதே 200 இணைப்புக்கும் சேர்த்து 6,400 எம்பிதான். ரிப்போர்ட்டுக்கு என்று தனிப் பயனர் பெயர் வைத்து, அவருக்கு மட்டும் 256 எம்பி கொடுத்து, ஒரே சமயத்தில் எட்டு இணைப்புக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டினால் அது 4 ஜிபி. லினக்ஸின் ஓவர்கமிட் மெமரியை 2 என்று வைத்துவிட்டால், தலையாட்டும் பழக்கமும் நிற்கும். இல்லாத நினைவகத்தைக் கேட்கும் அந்த ஒரு ரிப்போர்ட் மட்டும் தோற்கும், லைன் ஓடும். சூப்பர்வைசர் திட்டுவார், திட்டட்டும்.

விண்டோஸில் எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களின் கவலை இதற்கு நேர்மாறானது. அதன் நினைவக உச்சவரம்பு இயல்பில் 2,147,483,647 எம்பி, அதாவது இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள் என்று பொருள். இயங்குதளத்துக்கு மூச்சுவிட இடம் வைத்து, அந்த எண்ணைக் கையால் குறைக்கவேண்டும்.

வொர்க் மெம்மை ஓடும்போதே மாற்றலாம். ஷேர்டு பஃபர்ஸை மாற்ற ரீஸ்டார்ட் வேண்டும், அதற்கு லைன் நிற்கும் நாள் வேண்டும். இந்த வட்டாரத்தில் அதற்குத் தோதான நாட்களில் ஒன்று ஆயுத பூஜை விடுமுறை. பிரஸ் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும் கையோடு சர்வர் ரேக்குக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு, 128 எம்பியை 16 ஜிபி என்று மாற்றி எழுப்பலாம். எழுந்தவுடன் ரேக் காலியாகத்தான் இருக்கும். முதல் ஷிஃப்டின் ஒவ்வொரு கேள்வியும் குடோனுக்கு ஆள் அனுப்பும். பிஜி ப்ரீவார்ம் என்ற துணை நிரல் இருந்தால், லைன் தொடங்குவதற்கு முன்பே அன்றாட அட்டவணைகளை அது ரேக்கில் அடுக்கி வைத்திருக்கும்.