இது யாரோட ரோடு பாஸ்? செங்கல்பட்டு டு மாமல்லபுரம்... மைல்கல் சொல்லும் பதில்!

சனிக்கிழமை விடியற்காலை. பைக்கை எடுத்துக்கிட்டு செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் கிளம்புறீங்க. வழியில பெரிய பள்ளம். எப்படியோ சமாளிச்சுட்டீங்க. ஆனா, பின்னாடி வர்றவர் விழலாமே? யார்கிட்ட சொல்வீங்க?

'நேஷனல் ஹைவேஸ்'தானேன்னு அங்க சொன்னா, ''அது எங்க ரோடு இல்லைங்க'' என்றுதான் பதில் வரும். அது உண்மையும்கூட. அந்த ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. புகார் தப்பான கதவைத் தட்டினா பள்ளம் அப்படியேதான் இருக்கும்.

கல்லோட கலரைப் பாருங்க!

மைல்கல்லின் தலை மஞ்சளா இருந்தா தேசிய நெடுஞ்சாலை. பச்சைன்னா மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை.

செங்கல்பட்டைத் தொட்டுப் போகும் ஜி.எஸ்.டி ரோடு, தேசிய நெடுஞ்சாலை 32. இ.சி.ஆரில் ஒரு சுவாரஸ்யம் இருக்கு. மாமல்லபுரத்திலிருந்து சென்னை பக்கம் மாநில அரசின் சாலை மேம்பாட்டு நிறுவனம் பார்த்துக்குது. புதுச்சேரி பக்கம் திரும்பினா, அது தேசிய நெடுஞ்சாலை 332ஏ. நான்கு வழிச்சாலையா மாத்துற வேலையை அங்க எடுத்தது தேசிய நெடுஞ்சாலை ஆணையம். ஆக, ஒரே இ.சி.ஆருக்கு ரெண்டு ஓனர்!

ஆணையம் என்னதான் செய்யுது?

1988-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி உருவான அமைப்பு இது. 1995 பிப்ரவரியில் செயல்பட ஆரம்பித்தது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருது. ஆணையமே தார் ஊத்தி ரோடு போடுறதில்லை. டெண்டர் விட்டு தனியார் நிறுவனங்களிடம் வேலை வாங்குது.

தாம்பரம் - திண்டிவனம் 93 கி.மீ நான்கு வழிச்சாலை, 'ஆன்யுட்டி' முறையில் வந்தது. அதாவது, தனியார் நிறுவனம் முதல்ல தன் காசைப் போட்டு ரோடு போடும், பராமரிக்கும். அரசு அதற்கான பணத்தைத் தவணை தவணையா கொடுக்கும். நம்ம வீட்டு இ.எம்.ஐ மாதிரிதான். இந்த மாதிரி சாலைகள்ல நீங்க கட்டும் டோல் பணம் மத்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும்.

பாலத்துல கேட்கிற அந்த 'டடக்... டடக்...'

மாமண்டூர் பாலாற்றுப் பாலத்தில் போகும்போது டயருக்கு அடியில் இந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பீங்க. வெயிலில் கான்கிரீட் விரியும், குளிரில் சுருங்கும். அதுக்கு இடம் கொடுக்கத்தான் பாலத்தின் தளங்களுக்கு நடுவில் இடைவெளி விட்டு, அதை ரப்பரும் இரும்பும் வெச்சு மூடுறாங்க. லாரிகள் ஏறி ஏறி அந்த இணைப்புகள் தேய்ஞ்சுபோகும். தண்ணி உள்ளே இறங்கினா, பாலத்தைத் தாங்குற பாகங்களும் கெட்டுப்போகும்.

2022-ல் இந்தப் பாலத்தில் பழுதுபார்ப்பு நடந்தபோது டிராஃபிக் திணறிப்போச்சு. எரிச்சலாத்தான் இருந்திருக்கும். ஆனா, அந்த வேலையைத் தள்ளிப்போடுறதுதான் ஆபத்து.

டோலில் ஏமாறாதீங்க

தேசிய நெடுஞ்சாலைகளில் பைக்குக்கு டோல் கிடையாது. சொந்த கார் வெச்சிருக்கிறவங்களுக்கு 2025 ஆகஸ்ட் 15-ல் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் வந்தது. அறிமுக விலை 3,000 ரூபாய். ஒரு வருஷம் அல்லது 200 பயணம், எது முதல்ல முடியுதோ அதுவரை செல்லும். பரனூர் டோலில் இந்த பாஸ் ஓகே. அதை நம்பி இ.சி.ஆர் உத்தண்டி டோலுக்குப் போனா காசு கழியும். ஏன்னா, அது மாநிலத்தின் டோல்.

டோல் பிளாசாவிலிருந்து 20 கி.மீ-க்குள் குடியிருக்கீங்களா? சொந்த காருக்கு உள்ளூர் மாத பாஸ் உண்டு, கேட்டு வாங்குங்க. ஃபாஸ்டேக் இல்லாம யு.பி.ஐ-யில் கொடுத்தா ஒன்றேகால் மடங்கு கட்டணும்.

இப்பவே சேவ் பண்ணுங்க

* தேசிய நெடுஞ்சாலையில் விபத்து, பிரேக்டவுன், பள்ளம்: 1033. 24 மணி நேரமும் இயங்கும். போட்டோவோட புகார் கொடுக்க 'ராஜ்மார்க்யாத்ரா' ஆப்.
* மாநில நெடுஞ்சாலைத் துறை ரோட்டில் பள்ளம்: 'நம்ம சாலை' ஆப்.
* எந்த ரோடா இருந்தாலும், யாருக்காவது அடிபட்டிருந்தா: 108. அப்போ கல்லோட கலரைப் பார்த்துட்டு நிக்காதீங்க!

போன் பண்ணும்போது பக்கத்து மைல்கல்லில் இருக்கும் ஊர் பெயரையும் கிலோமீட்டரையும் சொல்லுங்க. இருட்டில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஆம்புலன்ஸோ கிரேனோ உங்களைச் சீக்கிரம் கண்டுபிடிக்க அந்த நம்பர் உதவும்.

அடுத்த ட்ரிப்பில் பள்ளத்தைப் பார்த்தா, வண்டியை ஓரங்கட்டி ஒரு போட்டோ எடுங்க. கல்லோட கலரைப் பாருங்க. சரியான இடத்துக்கு அனுப்பிட்டுக் கிளம்புங்க. பின்னாடி வர்றவருக்கு நீங்க யாருன்னே தெரியாது. ஆனா, பத்திரமா வீடு போய்ச் சேருவார்!