லாரியின் பெட்டியை மாற்றுமுன்

ராமகுப்பத்திலும் சுற்றுப்புறத்திலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் லாரித் தொழிலை நம்பியிருப்பவை பல. சென்ற மழைக்காலத்தில் நம் சங்கத்து அன்பர் ஒருவருக்கு நேர்ந்த நஷ்டத்தையும், அதில் நமக்கிருந்த பங்கையும் இங்கே எழுதுகிறோம். ரயில்வே குமாஸ்தாவுக்கு லாரியைப் பற்றி என்ன தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தெரியாமல் யோசனை சொன்னதால் வந்த வினையே இக்கட்டுரை.

அன்பரின் லாரி 2014-ஆம் வருஷத்தது. வி.கோட்டா சந்தையில் தக்காளி ஏற்றி, பேரணாம்பட்டு மலைப்பாதை வழியே சென்னைக் கோயம்பேட்டுக்குச் செல்வது வழக்கம். ஒருநாள் இரவு, மழையில், மலைப்பாதையிலே எஞ்சின் இழுவை குன்றிற்று. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பிறகு வண்டி நின்றே விட்டது. சரக்கு பாதி அழுகிற்று.

மறுநாள் ஒரு பட்டறையில் ஸ்கேனர் வைத்துப் பார்த்தார்கள். நான்கைந்து சென்சார்கள் ஒருங்கே பழுதென்று அது காட்டிற்று. “இத்தனையும் ஒரே நாளில் கெடுமா? இ.சி.எம். பெட்டிதான் போய்விட்டது” என்றார்கள். அன்பர் நம்மிடம் தொலைபேசியில் யோசனை கேட்டார். “அரைகுறை வேலை வேண்டாம், மாற்றிவிடுங்கள்” என்றோம். மகளின் கல்லூரிச் செலவுக்கென்று வைத்திருந்த சீட்டைக் கழிவு கொடுத்து எடுத்து, பழைய பெட்டியொன்றை வாங்கிப் பொருத்தினார். பதினோரு நாள் ஓடிற்று. பன்னிரண்டாம் நாள், அதே மலைப்பாதையில், அதே விளக்கு எரிந்தது.

அந்தப் பெட்டி யாது என்பதைச் சிறிது விளக்குவோம். முற்காலத்து டீசல் எஞ்சினில் எவ்வளவு எண்ணெய் பாய வேண்டும் என்பதைப் பம்பிலுள்ள இயந்திரப் பாகங்களே நிர்ணயித்தன. புகையைக் குறைக்கும் சட்டங்கள் கடுமையாக ஆக, அவ்வேலை மின்னணுப் பெட்டிக்குச் சென்றது. 1995-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம், மின்னணுவால் ஆளப்படும் ‘காமன் ரயில்’ முறையை ஹீனோ லாரியில் கொணர்ந்தது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் நான்காம் விதி 2017-லும், ஆறாம் விதி 2020-லும் தேசமெங்கும் அமலுக்கு வந்தன. இன்று அப்பெட்டி இல்லாத புது டீசல் லாரியே இல்லை எனலாம்.

ரயில்வேயில் செக்ஷன் கன்ட்ரோலர் என்றொருவர் உண்டு. வண்டியை அவர் கண்ணால் காண்பதில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலிருந்தும் வரும் செய்தியைக் கேட்டே உத்தரவு இடுகிறார். தொலைபேசிக் கம்பி அறுந்தால் அவர் பேசாமடந்தை ஆவார். அப்போது கன்ட்ரோலரை மாற்றிப் பயனென்ன? லாரியின் பெட்டியும் அத்தகையதே. சென்சார்களே அதற்கு ஸ்டேஷன் மாஸ்டர்கள். வயர்களே தொலைபேசிக் கம்பிகள். இந்த எளிய உண்மை அன்று நமக்குத் தோன்றாமற் போயிற்று.

இரண்டாம் முறை வண்டி நின்றபோது, வயதான வயரிங் மெக்கானிக் ஒருவரை அன்பர் அழைத்து வந்தார். நாமும் உடனிருந்தோம். அவர் கையில் மல்டிமீட்டர் ஒன்றே இருந்தது. பல சென்சார்களுக்குப் பெட்டியானது ஒரே ஐந்து வோல்ட் மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்புகிறது. ஒன்றின் வயர் இரும்பில் பட்டுவிட்டால் அத்தனைக்கும் மின்சாரம் போய்விடும் என்று அவர் சொன்னார். ஒவ்வொரு சென்சாரின் கப்ளரையும் கழற்றி மீட்டரைப் பார்த்தார். மூன்றாவதைக் கழற்றியும் ஐந்து வோல்ட் திரும்பவில்லை. அந்த வயர்ச் சுற்றைக் கையால் விலக்கியதும் திரும்பிற்று. எஞ்சின் தாங்கியருகே உராய்ந்து உராய்ந்து தோல் நீங்கிய இடத்தில் செம்பு தெரிந்தது. ஏற்றத்தில் எஞ்சின் குலுங்கும்போதெல்லாம் அது இரும்பைத் தொட்டிருக்கிறது. இரண்டு மணி நேர வேலை. பின்னர் ‘போய்விட்டது’ எனப்பட்ட பழைய பெட்டியையே மாட்டினார், எஞ்சின் எடுத்தது. அப்பெட்டியுடனேயே இன்றுவரை ஓடுகிறது. வாங்கிய பெட்டியைக் கடைக்காரர் திரும்ப ஏற்கவில்லை. மின்சாதனத்தைப் பொருத்திய பிறகு வாபஸ் இல்லை என்பது பல கடைகளின் வழக்கம்.

ஆகவே நம் குடும்பங்கள் நினைவில் வைக்கவேண்டியவை இவை. முதலாவது, பேட்டரி. இருபத்துநான்கு வோல்ட் வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்தால், நல்ல பெட்டியும் மயங்கும். இரண்டாவது, ஃபியூஸும் ரிலேயும். மூன்றாவது, எர்த்து. செல்ஃப் அடிக்கும்போது பெட்டியின் எர்த்து வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மீட்டர் அரை வோல்ட்டுக்குமேல் காட்டினால், துருவையோ தளர்ந்த போல்ட்டையோ தேடுக. நான்காவது, கப்ளர்கள், ஈரமும் பச்சை பூத்த ஊசிகளும் உண்டா என்று காண்க. ஐந்தாவது, மேற்சொன்ன ஐந்து வோல்ட். பெட்டிகள் தம்முள் பேசிக்கொள்ளும் இரட்டை வயரையும் சோதிக்கலாம். பேட்டரியைக் கழற்றியபின் அவ்விரண்டுக்கும் நடுவே சுமார் அறுபது ஓம் காட்டவேண்டும். நூற்றிருபது காட்டினால் ஒரு முனை விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பெட்டி பேசாவிடில், அல்லது உள்ளே நீர் புகுந்து கருகியிருந்தால், மாற்றத்தான் வேண்டும். அப்போதும் உருவம் ஒத்திருப்பது போதாது. மேலே அச்சிட்ட பாக எண் ஒத்திருக்கவேண்டும். பழைய பெட்டி சற்றேனும் பேசுமாயின் அதிலுள்ள விவரங்களை முதலில் நகலெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பல வண்டிகளில் ஒவ்வொரு இஞ்செக்டரின் தலையிலும் ஒரு குறியீடு இருக்கும். அதைப் புதுப்பெட்டியில் பதியாவிடில் எஞ்சின் சீராக ஓடாது, புகையும் கக்கும். பதிவு நடக்கும்போது பேட்டரி தளர்ந்து நடுவில் நின்றால், பெட்டியே பயனற்றுப் போகவும் கூடும். ஆகையால் சார்ஜரை இணைத்தே செய்யவேண்டும். பட்டறையில் கழற்றிய பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நம் அன்பரை ஓரளவு காத்தது அதுவே.

இன்னொன்று. லாரிக்குப் பாடி வேலையோ சேஸிஸ் வெல்டிங்கோ நடக்குமுன் பேட்டரி முனைகளையும் பெட்டியின் கப்ளரையும் கழற்றிவிடவேண்டும். வெல்டிங் மின்சாரம் வழிதவறிப் பெட்டிக்குள் பாய்ந்தால் ஒரு நொடியில் காரியம் முடிந்துவிடும்.

அன்பரின் மகள் இவ்வருஷம் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். கட்டணத்தில் ஒரு பகுதி கடன். அவர் நம்மைக் குறை கூறவில்லை. அதுவே நமக்கு அதிகம் உறுத்துகிறது. இனி எவரேனும் நம்மிடம் வந்து “பெட்டியை மாற்றலாமா?” என்று கேட்டால், “வயரைப் பார்த்தாயிற்றா?” என்பதே நம் முதல் வார்த்தையாக இருக்கும். வாசகர்களும் அக்கேள்வியைத் தம் வீட்டு லாரிக்காரர்களிடம் கேட்பார்களாக.