தமிழ் நிரலுக்கு ஆங்கிலப் பூட்டு

பதிப்பி "வணக்கம்"

இந்த ஒரு வரியைக் கொடுத்தால் கணினி திரையில் வணக்கம் சொல்லும். இது ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழி. அமெரிக்காவில் வாழும் பொறியாளர் முத்து அண்ணாமலை உருவாக்கியது. 2009இல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். ‘ஆனால்’ என்றால் நிபந்தனை. ‘முடி’ என்றால் அந்தப் பகுதி முடிந்தது. பள்ளிப் பிள்ளைகள் தாய்மொழியில் நிரல் எழுதப் பழக வேண்டும் என்பதே நோக்கம். விலை கிடையாது.

சரி, சுங்கை சிப்புட்டில் ஒரு மாணவியின் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இருக்கிறது. எழில் அதற்குள் எப்படிப் போகும்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பால்மரம் சீவினால் மட்டும் போதாது. பாலை வடிகட்டி, உறைய வைத்து, தகடாக உருட்டி, புகையில் காய வைத்தால்தான் அது சரக்கு. மென்பொருளுக்கும் அப்படியொரு வேலை உண்டு. அதுதான் பொதி கட்டுவது. இது எந்தப் பதிப்பு, இயங்குவதற்கு வேறு என்னென்ன வேண்டும், எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும், நீக்கும்போது எவற்றை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் பொதிக்குள் எழுதப்பட்டிருக்கும்.

எழில் பைத்தானில் எழுதப்பட்டது. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் பைத்தான் ஏற்கெனவே இருக்கிறது. ‘பிப்’ என்ற கருவிக்கு ஒரு வரி கட்டளை கொடுத்தால், பைத்தானின் பொதுக் கிடங்கிலிருந்து எழில் இறங்கிவிடும்.

அந்த வழியில் இப்போது ஒரு தடுப்பு இருக்கிறது. 2023இல் வந்த டெபியன் 12 முதல், கணினியின் சொந்தப் பைத்தானுக்குள் பிப் வழியாக எதையும் போட முடியாதபடி செய்துவிட்டார்கள். கணினியின் சொந்தப் பொதிகளோடு மோதாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. முதலில் ஒரு தனிச்சூழல் உருவாக்கி, அதற்குள் நிறுவ வேண்டும். பழகியவருக்கு இரண்டு வரி வேலை. தமிழில் எழுதலாம் என்று நம்பி வந்த 12 வயதுப் பிள்ளைக்கோ, முதலில் கண்ணில் படுவது ஆங்கிலத்தில் ஒரு பிழைச்செய்தி.

லினக்ஸின் சொந்தக் கிடங்குக்கு ஏற்றபடி பொதி கட்டினால் இந்தச் சிக்கல் இல்லை. ஒரு சொடுக்கில் வேலை முடியும். ஆனால் ஒருமுறை கட்டினால் தீராது. பைத்தான் மாற மாறப் பொதியையும் சரிபார்க்க வேண்டும். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1இல் முடிந்தபோது, திருத்தப்படாத நிரல்கள் பல பின்தங்கிவிட்டன.

கணினித் துறையில் இருக்கும் நம் இளையோர் இங்கேதான் கைகொடுக்கலாம். புதிய மொழி உருவாக்க வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமை எழிலை உங்கள் லினக்ஸில் நிறுவிப் பாருங்கள். எங்கே தடுக்கிறது, எப்படித் தாண்டினீர்கள் என்பதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் கொடுங்கள். பொதி கட்டும் வேலை அந்த ஒரு பக்கத்திலேயே தொடங்கிவிடும்.