தனுஷ்கோடி: மூன்று படங்கள் சொல்லும் ஊர்

தனுஷ்கோடி என்றதும் இன்றைய பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது இடிந்த தேவாலயம்தான். சுற்றுலா போகிறவர்கள் எல்லோரும் எடுத்து வரும் படம் அது. ஆனால் இடிவதற்கு முன் அங்கே ஐம்பது ஆண்டுகள் ஒரு ஊர் வாழ்ந்தது. எங்கள் வீட்டு ஆல்பத்தில் அதற்குச் சாட்சியாக மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் உள்ளன.

முதல் படத்தில் துறைமேடையில் என் அத்தை குடும்பம். பின்னால் நீராவிக் கப்பல். முன்பு கொழும்பு செல்வோர் தூத்துக்குடியில்தான் கப்பலேறினார்கள். 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் 'போட் மெயில்' தனுஷ்கோடிக்கு வந்தது. எழும்பூரில் ரயில் ஏறி, இங்கே கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில். நடுவே கடல் சுமார் 35 கிலோமீட்டர்தான். "எங்களுக்கு அக்கரைங்கறது அடுத்த ஊர் மாதிரி" என்பார் அத்தை.

இரண்டாம் படம் ஸ்டேஷன் வாசலில் எடுத்தது. பதினோரு பேர் நிற்கிறார்கள், ரயில்வேயில் இருந்த என் பெரியப்பா உட்பட. ரயிலும் கப்பலும் சந்தித்த இடம் என்பதால் சுங்கச்சாவடி, தபால் நிலையம், பள்ளிக்கூடம், குடியிருப்பு எல்லாம் அங்கே வந்தன.

மூன்றாவது 1965இல் எடுத்தது. மணலும் சுவரும்தான் தெரிகின்றன. ஊர் நின்றது, வடக்கே பெண் கடல், தெற்கே ஆண் கடல் என்று மீனவர் சொல்லும் இரண்டுக்கும் இடைப்பட்ட தாழ்ந்த மணல்திட்டில். 1964 டிசம்பர் 22 இரவு புயல் எழுப்பிய கடல் அதன்மேல் ஏறிவிட்டது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தை 46 நாளில் சீராக்கினார்கள். தனுஷ்கோடியை வாழத் தகுதியற்ற ஊர் என அரசு அறிவித்தது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி, 1984இல் அதுவும் நின்றது. மீனவர் சிலர் மட்டும் குடிசை போட்டுத் தங்கினர். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது 2017இல்தான்.

அந்தப் பதினோரு பேரில் ஏழு பேரை அத்தை அடையாளம் சொன்னார். மற்ற நால்வர் யார், புயலுக்குத் தப்பினார்களா என்று சொல்ல இன்று ஆளில்லை.

பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்த நம் வீட்டுப் பெட்டிகளிலும் இப்படிப் படங்கள் இருக்கும். பெரியவர்கள் இருக்கும்போதே பெயர், உறவு, ஊர், ஆண்டு கேட்டுப் பின்பக்கம் மெதுவாகப் பென்சிலால் எழுதி வையுங்கள். பால்பாயின்ட் வேண்டாம், அழுத்தினால் முகத்தில் தடம் விழும்.