பேசும் புலி

மாணவர்களே! ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட திப்பு சுல்தானின் சின்னம் புலி. 1799-ஆம் ஆண்டு கோட்டை வீழ்ந்தபின் இங்கிருந்து எடுத்துச் செல்லப்பட்ட மரப்புலிப் பொறி, இன்றும் இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்தப் புலி உறுமும், பேசாது. அருகிலுள்ள மைசூருவில் வாழ்ந்த ஒரு தமிழர், பேசும் புலி ஒன்றைப் படைத்தார். அவரே ஆர். கே. நாராயண்.

1906-இல் சென்னையில் பிறந்த நாராயண், மைசூருவில் கல்வி கற்று, நெடுங்காலம் அங்கேயே வாழ்ந்தார். ஆங்கிலத்தில் எழுதினார். மால்குடி என்னும் ஊரைக் கற்பனையால் கட்டி எழுப்பினார். ‘மால்குடிக்கு ஒரு புலி’ என்று பொருள்படும் தலைப்புடைய அவருடைய ஆங்கிலப் புதினம் 1983-இல் வெளிவந்தது.

விலங்குக்காட்சிச் சாலையில் முதுமை எய்திய ராஜா என்னும் புலி தன் வரலாற்றைத் தானே கூறுவதாகக் கதை அமைந்துள்ளது. காட்டில் துணையையும் குட்டிகளையும் இழந்த ராஜா, வட்டரங்கு நடத்தும் கேப்டன் என்பவரிடம் சிக்குகிறது. அரங்கில் அது காட்டும் பணிவைக் கண்டு மக்கள் கைதட்டுகின்றனர். அப்பணிவுக்குப் பின்னால் பசியும் சவுக்கும் இருப்பதைப் புலி சொல்லியே நாம் அறிகிறோம். இயல்புக்கு மாறான கற்பனையின் பயன் இதுவே: மனிதர் ‘பயிற்சி’ என்பதை, புலி ‘துன்பம்’ என்கிறது. நம் செயலை மற்றோர் உயிரின் கண்ணால் காணும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கிறது.

கேப்டனைக் கொன்றுவிட்டுத் தப்பும் ராஜா, மால்குடிப் பள்ளி ஒன்றினுள் நுழைகிறது. தலைமையாசிரியர் உயரத்தில் ஏறி ஒளிந்துகொள்கிறார். வெளியே ஊரார் கூடி வாதிடுகின்றனர். புலியோ அவருடைய அறையில் நிம்மதியாக ஓய்வெடுக்கிறது! நாராயணின் தந்தையும் மைசூருவில் தலைமையாசிரியராக இருந்தவர் என்பதை நினைத்தால் இந்நகைச்சுவை மேலும் சுவைக்கும்.

அப்போது ஒரு துறவி வருகிறார். புலியைக் கொடிய விலங்கு என இழித்துரைப்பதை அவர் ஏற்கவில்லை. தோற்றம் எதுவாயினும் உள்ளிருக்கும் உயிர் ஒன்றே என்பது அவர் கொள்கை. முற்பிறப்பு, வினைப்பயன் ஆகிய நம்பிக்கைகள் இங்கே கதையின் உயிர்நாடியாகின்றன. துறவி அழைக்க, ராஜா அவரைப் பின்தொடர்ந்து மலைக்குச் செல்கிறது.

‘புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது’ என்பது நம் பழமொழி. நாராயணும் அதை மறுக்கவில்லை. ராஜாவுக்கு இறுதிவரை இறைச்சியே உணவு. உடலின் இயல்பு மாறவில்லை; உள்ளத்தின் அறிவு வளர்ந்தது. கொலை செய்த ஓர் உயிர் நல்வழிக்குத் திரும்ப இயலுமா என்னும் கடினமான வினாவுக்கு, இயலும் என்று இப்புதினம் விடை தருகிறது. ஆயினும் கேப்டனின் மரணத்தை அது மறைக்கவில்லை.

2001-இல் கனடா நாட்டு எழுத்தாளர் யான் மார்ட்டெல் எழுதிய ‘லைஃப் ஆஃப் பை’ புதினத்திலும் ஒரு புலி உண்டு. புதுச்சேரியில் தொடங்கும் அக்கதையின் சிறுவன் மூன்று சமயங்களைப் பின்பற்றுகிறான். அப்புலி பேசுவதில்லை, ராஜாவோ பேசுகிறது. எனினும், அச்சம் தரும் ஓர் உயிரோடு சேர்ந்து வாழ்வது எவ்வாறு என்பதே இரண்டும் எழுப்பும் வினா.

பிறர் நமக்கு இடும் பெயரும் நம் உள்ளமும் ஒன்றல்ல. ஊர் விட்டு ஊர் வந்து, ஒரே வகுப்பில் பல மொழிகளுக்கிடையே பயிலும் நீங்கள் இதனை எளிதில் உணர்வீர்கள்.

சொற்பொருள்
புதினம் – நாவல்
வட்டரங்கு – சர்க்கஸ்
வினைப்பயன் – செய்த செயலின் விளைவு

சிந்தித்து எழுதுக
1. கதையைப் புலியே கூறுவதால் விளையும் பயன் யாது?
2. துறவியின் கொள்கையை உம் சொற்களில் எழுதுக.
3. உம் வீட்டருகே வாழும் ஒரு பறவையோ விலங்கோ உம் தெருவைப் பற்றிப் பேசுவதாகப் பத்து வரிகள் எழுதுக.